கால்நடைகளுக்கு ஆன்டிபயாடிக் ஊசி: தாமிரபரணிப் படுகையில்

பாக்டீரியாவால் வரும் நோயைக் குணப்படுத்த ஆடு, மாடு, எருமைகளின் தசையிலோ தோலுக்கடியிலோ ரத்தக் குழாயிலோ செலுத்தப்படும் மருந்துகளே ஊசிவழி ஆன்டிபயாடிக்குகள். பெனிசிலினும் ஸ்ட்ரெப்டோமைசினும் சேர்ந்த கலவை, ஆக்ஸிடெட்ராசைக்ளின், என்ரோஃப்ளாக்சசின், செஃப்டியோஃபர் ஆகியவை பரவலாகப் பயன்படுகின்றன. இவற்றில் ஆக்ஸிடெட்ராசைக்ளின் மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியாவிடமிருந்து பெறப்பட்டது. 1950இல் 'டெர்ராமைசின்' என்ற பெயரில் சந்தைக்கு வந்தது.

மனிதர்களுக்கு மாத்திரை போதும் என்கிற இடத்தில் மாட்டுக்கு ஏன் ஊசி? அசை போடும் விலங்கின் முதல் வயிற்றில் கோடானுகோடி நுண்ணுயிர்கள் இருந்துகொண்டு வைக்கோலைச் செரித்துத் தருகின்றன. வாய்வழியாகக் கொடுக்கும் ஆன்டிபயாடிக் நோய்க்கிருமியைத் தேடிப் போகும் முன்பே இவற்றைக் கொன்றுவிடும். மாடு தீவனம் எடுக்காது, வயிறு உப்பும், பால் குறையும். வளர்ந்த மாட்டுக்கும் ஆட்டுக்கும் ஊசி முதல் வழியாக இருப்பதற்கு இதுதான் முக்கியக் காரணம். அசை போடத் தொடங்காத இளங்கன்றுக்கு இந்தத் தடை இல்லை.

திருநெல்வேலிச் சீமையில் நோயின் காலண்டர் மழையின் காலண்டர்தான். கார் அறுவடை முடிந்து பிசானத்துக்கு நாற்று விடும் ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை இறங்குகிறது. தொழுவம் சேறாகும், மேய்ச்சல் நிலத்தில் தண்ணீர் நிற்கும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் கொட்டி, தாமிரபரணி கரை புரண்டபோது, நெல்லை, தூத்துக்குடி மாவட்டங்களில் ஏராளமான ஆடுமாடுகள் வெள்ளத்தோடு போயின. உயிர் தப்பியவை பல நாள் ஈரத்திலும் அரைத் தீவனத்திலும் நின்றன. உடம்பு இப்படித் தளரும்போதுதான் தொண்டை அடைப்பான் தலைகாட்டும்.

'பாஸ்டுரெல்லா மல்டோசிடா' என்ற பாக்டீரியாவால் வரும் இந்நோயில் கடும் காய்ச்சல், எச்சில் வடிதல், தொண்டைக்குக் கீழ் வீக்கம், மூச்சிரைப்பு ஆகியவை அடுத்தடுத்து வரும். எருமைகள் மாடுகளைவிட வேகமாக விழும். சில சமயம் ஒரு நாளுக்குள் உயிர் போய்விடும். காய்ச்சல் தொடங்கிய உடனே ஊசி போட்டால் காப்பாற்றலாம். தொண்டை வீங்கி மூச்சு முட்டத் தொடங்கியபின் எந்த விலையுயர்ந்த மருந்தும் பெரும்பாலும் பலிப்பதில்லை. சப்பை நோயும் இப்படித்தான். ஆறு மாதம் முதல் இரண்டு வயது வரையுள்ள, நன்றாகக் கொழுத்த கன்றாகப் பார்த்துத் தாக்கும். தொடைச் சதை வீங்கும். அழுத்தினால் நறநறவென்று சத்தம் கேட்கும். பெனிசிலினைப் பெரிய அளவில், அதுவும் சீக்கிரம் கொடுத்தாக வேண்டும். இரண்டுக்கும் மழைக்கு முன்பே போடக்கூடிய தடுப்பூசி உண்டு என்பதால், ஊசி மருந்தை நம்பிக் காத்திருப்பது நஷ்டக் கணக்கு.

செம்மறியில் கதை இன்னும் சிக்கல். கீழக்கரிசல், செவ்வாடு போன்ற இப்பகுதி ஆட்டினங்களைக் கிடை போட்டு வளர்ப்பவர்கள் மழைக்காலத்தில் மிக அஞ்சுவது நீலநாக்கு நோய்க்கு. அதைப் பரப்புவது மழையில் பெருகும் சிறு கொசு போன்ற கடிபூச்சி. நோயை உண்டாக்குவது வைரஸ். ஆட்டுக்கொள்ளை நோயும் கோமாரியும் வைரஸ்தான். ஆன்டிபயாடிக்கால் வைரஸை ஒன்றும் செய்ய முடியாது. வாய்ப்புண்ணிலும் நுரையீரலிலும் பின்னால் வந்து ஒட்டிக்கொள்ளும் பாக்டீரியாவை அடக்க மட்டுமே மருத்துவர்கள் அதைத் தருகிறார்கள். குளம்பு அழுகலுக்கோ ஊசியோடு, பத்து சதவீதத் துத்தநாக சல்பேட் கரைசலில் மந்தையை நடத்திக் கொண்டுபோவதும் வேண்டும். வெள்ளாட்டின் நுரையீரலைத் தாக்கும் மைக்கோபிளாஸ்மாவுக்குச் செல்சுவரே கிடையாது. செல்சுவரைத் தகர்த்துக் கொல்லும் பெனிசிலின் அங்கே வெறும் தண்ணீர்.

அடுத்தது அளவு. நீண்டநேரம் வேலை செய்யும் ஆக்ஸிடெட்ராசைக்ளினில் ஒரு மில்லிலிட்டருக்கு 200 மில்லிகிராம் மருந்து. எடையில் கிலோவுக்கு 20 மில்லிகிராம் கணக்கு. முப்பது கிலோ ஆட்டுக்கு 3 மி.லி., முந்நூறு கிலோ பசுவுக்கு 30 மி.லி. அந்த 30 மி.லி.யையும் ஒரே இடத்தில் ஏற்றினால் சதை வெந்துபோகும். பத்துப் பத்தாகப் பிரித்துக் கழுத்துத் தசையில் போட வேண்டும். ஒரு முறை போட்டால் சுமார் மூன்று நாள் தாங்கும். இதே மருந்து 50 மில்லிகிராம் செறிவிலும் கடையில் கிடைக்கிறது, ஆனால் அது அன்றாடம் போட வேண்டியது. பாட்டிலைச் சரியாகப் படிக்காமல் 200க்குப் பதில் 50ஐ அதே அளவில் ஏற்றினால் மாட்டுக்குக் கிடைப்பது கால் பங்கு மருந்து. கிருமி சாகாது, மருந்தைத் தாங்கப் பழகும். முதல் ஊசியில் மாடு எழுந்து தீவனம் தின்றதும் மீதி நாட்களை விட்டுவிடுவதும் இதே விளைவைத் தரும்.

மருந்து மாட்டோடு நின்றுவிடுவதில்லை. மடிநோய்க்கு ஊசி போட்ட பசுவின் பாலில் அது சில நாள் இறங்கிக்கொண்டே இருக்கும்; அந்தப் பாலில் உறை ஊற்றினால் தயிர் சரியாகத் தோயாது. மருந்துப் புட்டியில் விலகல் காலம், அதாவது ஊசிக்குப் பின் பாலையும் இறைச்சியையும் விற்காமல் காத்திருக்க வேண்டிய நாட்கள், குறிப்பிடப்படாவிட்டால் பாலுக்குக் குறைந்தது 7 நாள், இறைச்சிக்கு 28 நாள் என்று 2012இல் இந்திய மருந்து விதிகள் திருத்தப்பட்டன. செவ்வாய்க்கிழமைதோறும் கூடும் மேலப்பாளையம் சந்தையில் பல்லைப் பார்க்கலாம், எடையைத் தூக்கிப் பார்க்கலாம். ஆட்டுக்குக் கடைசியாக எப்போது ஊசி போட்டார்கள் என்று பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. பக்ரீத், தீபாவளி நெருக்கத்தில் நோயுற்ற ஆட்டுக்கு மருந்து ஏற்றி உடனே விற்றால் அந்த 28 நாள் காகிதத்தில்தான் இருக்கும்.

செஃப்டியோஃபருக்குப் பாலை விலக்க வேண்டியதில்லை என்பதால் கறவைக்காரர்களிடையே மவுசு. ஆனால் அது மனித மருத்துவத்தில் கடைசிக் கட்டத்துக்கு அருகே வைத்திருக்கும் மருந்துக் குடும்பத்தைச் சேர்ந்தது. என்ரோஃப்ளாக்சசினின் ஒரு பகுதி மாட்டின் உடம்புக்குள்ளேயே சிப்ரோஃப்ளாக்சசினாக மாறுகிறது. அதே சிப்ரோஃப்ளாக்சசினைத்தான் ஆஸ்பத்திரியில் மனிதருக்கும் எழுதித் தருகிறார்கள். கால்நடையில் மருந்துக்குப் பழகிய கிருமி மனிதரிடமும் அடங்காது என்பதே கவலை. உணவுக்கான விலங்குகளில் கொலிஸ்டின் என்ற ஆன்டிபயாடிக்கை மத்திய அரசு 2019இல் தடை செய்தது இந்தக் கவலையால்தான். எளிய மருந்து கேட்கும் இடத்தில் பெரிய மருந்தை எடுப்பது நல்ல வைத்தியம் அல்ல.

சாதாரண மடிநோய்க்குச் சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் சேர்த்து அரைத்துப் பூசும் முறையைத் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் பரப்பி வந்திருக்கிறது. காய்ச்சலும் தீவன மறுப்பும் சேர்ந்த மடிநோயில் இதை மட்டும் நம்பக் கூடாது.

அந்தப் பல்கலைக்கழகத்தின் கீழ் நெல்லையை அடுத்த ராமையன்பட்டியில் 2012இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. எல்லா நோயிலும் ஊசி போட நேரம் இருக்காது. மாடு திடீரென்று செத்து மூக்கிலும் ஆசனவாயிலும் உறையாத ரத்தம் வழிந்தால் அடைப்பான் (ஆந்த்ராக்ஸ்) என்று சந்தேகிக்க வேண்டும்; உடலை அறுக்காமல், தோலை உரிக்காமல் உடனே கால்நடை மருந்தகத்துக்குச் சொல்ல வேண்டும். நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தியை அழைப்பதற்கான கட்டணமில்லா எண் 1962.