நடைக் கொப்பி: ஏ9 வீதியும் லொறிச் சாரதிகளின் வீட்டு நாட்களும்

ஏ9 வீதியைப் பற்றி பள்ளிக்கூடத்திலும் பத்திரிகையிலும் நாங்கள் படித்த வரலாறு நாலு வினைச்சொல்லுக்குள் அடங்கிவிடும். திறந்தது, மூடியது, பிடித்தது, விட்டது. அந்த றோட்டில் யார் யார் நின்றார்கள் என்று எங்களுக்கு நல்லாத் தெரியும். யார் ஓடினார்கள் என்று கேட்டால் முழிப்போம். போன விடுமுறையில் எங்கள் குழுவிலுள்ள தோழி ஒருத்தி தன் அப்பாவின் பழைய கொப்பி இரண்டைக் கொண்டுவந்து காட்டிய பிறகுதான் இது எங்களுக்கே உறைத்தது. அவர் யாழ்ப்பாணம் - கொழும்பு லொறி ஓட்டுகிறவர்.

சாதாரண சிஆர் கொப்பிதான். திகதி, ஏற்றின சாமான், டீசல், முற்பணம், டயர் ஒட்டின காசு, பிறகு 'அங்கால செலவு' என்று ஒரு நிரல். அது என்ன செலவு என்று கேட்டோம். சிரித்தாரே தவிர சொல்லவில்லை. முதல் கொப்பி 2002இல் தொடங்கி 2006 ஓகஸ்டில் பாதிப் பக்கத்தோடு நின்றுவிடுகிறது. இரண்டாவது 2010இல் தொடங்குகிறது. ஒரு தரம் போய் வருவது ஒரு நடை, கூலியும் நடைக்கணக்கில்தான். அதனால் இரண்டு கொப்பியிலும் வீட்டில் நின்ற நாளுக்கு ஒரு வரி கூட இல்லை. நடை ஓடாத நாளுக்குக் காசில்லை, காசில்லாத நாளை எழுதிவைக்க அவருக்கு ஒரு தேவையும் இல்லை. ஒரு நடைக்கும் அடுத்த நடைக்கும் நடுவில் விழுந்திருக்கிற திகதிகளைக் கூட்டிப் பார்த்துத்தான் அவர் எத்தனை நாள் வீட்டில் இருந்திருப்பார் என்று நாங்கள் கணக்குப் பார்த்தோம். அந்தக் கணக்குக் கூடுவதும் குறைவதும் அவருடைய விருப்பத்தில் இருக்கவில்லை, றோட்டில் நின்றவர்களின் கையில் இருந்தது என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

கொஞ்சம் பின்னால் போவோம். எங்கட அப்பப்பாமார் இந்த வீதியை ஏ9 என்று சொன்னதில்லை, அவர்களுக்கு அது கண்டி றோட்டு. 1905இல் வடக்குப் புகையிரதப் பாதை முழுசாகத் திறந்த பிறகு கனகாலத்துக்குப் பயணம் என்றால் றெயில்தான். லொறியின் காலம் உண்மையில் 1970களில்தான் உச்சத்துக்கு வந்தது என்று சொல்லலாம். 1970 - 77 ஐக்கிய முன்னணி அரசாங்கம் இறக்குமதியை இறுக்கிப் பிடித்தபோது யாழ்ப்பாணத்துச் சின்ன வெங்காயத்துக்கும் செத்தல் மிளகாய்க்கும் தெற்கில் பெரிய சந்தை கிடைத்தது. அந்தக் காலத்து விவசாயி கையில் காசு புழங்கியதைப் பற்றி எங்கள் ஊர்களில் இன்றும் கதைப்பார்கள். ஆனால் வெங்காயம் தானாக நடந்து புறக்கோட்டைக்குப் போகவில்லை. சுன்னாகத்திலும் திருநெல்வேலியிலும் மூட்டையாக ஏற்றப்பட்டு, மரப் பெட்டி அடித்த பெட்போர்ட் லொறிகளில் இரவிரவாகப் போனது. தோட்டத்தில் நின்றவரைப் பற்றி எழுதிய நாங்கள் ஸ்டியறிங்கில் இருந்தவரைப் பற்றி எழுதவில்லை. யாழ்ப்பாணத்துக் கதைகளில் வாத்தியார் வருவார், கிளாக்கர் வருவார், கமக்காரர் வருவார். றைவர் வந்தால் ஒரு ஹோர்ன் சத்தத்தோடு போய்விடுவார். இலங்கைத் தொழிலாளர் வரலாற்றுப் புத்தகங்களை எடுத்தாலும் தோட்டமும் துறைமுகமும்தான் பெரும்பாலும் நிரம்பியிருக்கும்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். றோட்டில் மறித்துச் சாமானைக் கிளறுவது யுத்தத்தோடுதான் தொடங்கியது என்று நினைக்கிறோம். எழுபதுகளின் தட்டுப்பாட்டுக் காலத்திலேயே ஒரு மாவட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு அரிசி கொண்டுபோவதற்குக் கட்டுப்பாடு இருந்தது, மறித்துச் சோதித்தார்கள். 1977க்குப் பிறகு திறந்த பொருளாதாரம் வந்து வெளிநாட்டு வெங்காயமும் மிளகாயும் இறங்கியபோது தோட்டக்காரருக்கு விழுந்த அடி லொறிக்காரருக்கும் விழுந்தது.

பிறகு யுத்தம். 1990 ஜூனில் யாழ் தேவி நின்றது, கண்டி றோட்டும் நின்றது. குடாநாட்டுக்குள் மண்ணெண்ணெயில் கார் ஓடின கதைகளை எல்லாரும் கேட்டிருப்பீர்கள். நெடுந்தூரம் ஓடிய லொறிக்காரருக்கு நடந்தது வேறு: அவருடைய தொழிலே வரைபடத்திலிருந்து காணாமல் போனது. ஆனையிறவுக்கு அங்கால் போகமுடியாத றைவர் யாழ்ப்பாணத்துக்குள் எத்தனை மைல் ஓடுவது? கிளாலிக் கடலில் சனம் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வள்ளத்தில் போய்வந்த காலம் அது. அந்தப் பன்னிரண்டு வருசமும் பல றைவர்மாருக்கு வீட்டு நாட்கள் நிறைய இருந்தன. அதை ஓய்வு என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

அதே வருசம் ஒக்டோபரில் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். யாழ்ப்பாணத்து முஸ்லிம்களில் வியாபாரிகள் மட்டுமல்ல, லொறி வைத்திருந்தவர்களும் ஓட்டியவர்களும் இருந்தார்கள். வெளியேறியவர்களில் பெரும்பகுதியினர் புத்தளத்தில் தங்கினார்கள். கொழும்புக்குப் போகிற வழியில் இரவில் தேத்தண்ணி குடிக்க மட்டும் நிறுத்தியிருக்கக்கூடிய ஊர், அகதி முகவரியாகிவிட்டது. வீட்டு நேரத்தைப் பற்றி எழுதும்போது, திரும்பிப் போக வீடே இல்லாமல் ஆக்கப்பட்டவர்களை விட்டுவிட்டு எழுத எங்களால் முடியவில்லை.

2002 பெப்ரவரியில் யுத்தநிறுத்தம், ஏப்ரலில் யாழ்ப்பாணம் வரைக்கும் பாதை திறப்பு. தோழியின் அப்பாவின் முதல் கொப்பி இங்கேதான் தொடங்குகிறது. யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்பு ஏறக்குறைய 400 கிலோமீற்றர். நல்ல றோட்டில் லோட்டோடு ஒரு இரவு ஓட்டம். அந்தக் காலத்தில் அது இரண்டு நாளாகவும் மூன்று நாளாகவும் நீண்டது. முகமாலையில் இராணுவம், அதற்கு அங்கால் புலிகள். வன்னி முழுக்கக் குண்டும் குழியும். புளியங்குளத்தில் புலிகளின் சுங்கம், ஓமந்தையில் திரும்பவும் இராணுவம், நடுவில் செஞ்சிலுவைச் சங்கக் கொடி. ஏற்றின மூட்டையை இறக்கி, பிரித்து, பார்த்து, திருப்பி ஏற்றவேண்டும். பொழுதுபட முன்னம் கடக்காவிட்டால் அந்த இரவு அங்கேதான். ஆச்சரியம் என்னவென்றால், வாழ்க்கையில் நல்லாய் நித்திரை கொண்டது ஓமந்தைக் கியூவில்தான் என்று அவர் சொன்னார். அங்கே யாரும் அவரை ஓட்டச்சொல்லி அவசரப்படுத்த முடியாதாம்.

அவசரம் எங்கே இருந்து வருகிறது என்பதைக் கொஞ்சம் விளங்கிக்கொள்ள வேண்டும். பின்னேரம் ஏற்றி, பொழுதுபட வெளிக்கிட்டு, முறிகண்டிப் பிள்ளையாரடியில் நிறுத்தி ஒரு தேங்காய் உடைத்து, கச்சான் ஒரு சரை வாங்கி, வவுனியா, மதவாச்சி, அநுராதபுரம், புத்தளம், சிலாபம், நீர்கொழும்பு என்று விடியமுன் புறக்கோட்டைக்குப் போய்ச்சேர வேண்டும். மரக்கறியும் மீனும் விடியச் சந்தைக்குப் பிந்தினால் விலை விழுந்துவிடும், முதலாளி முகம் கறுக்கும். நாட்டாமிமார் இறக்கி முடிய வெயில் ஏறிவிடும். அதற்குப் பிறகுதான் கொப்பியில் பதியப்படாத வேலை தொடங்குகிறது: ரிட்டன் லோட்டுக்குக் காத்திருத்தல். வெறும் லொறியோடு யாழ்ப்பாணம் திரும்பினால் டீசலுக்கே கட்டாது. சீமெந்தோ மாவோ பிஸ்கட்டோ கிடைக்கும்வரை ஒரு நாள், சிலவேளை இரண்டு நாள், லொறிக்குள்ளேயே படுக்கை. அந்தக் காத்திருப்புக்குச் சம்பளம் கிடையாது. வீட்டிலிருந்து களவுபோகும் நேரத்தில் பெரும்பகுதி ஓட்டத்தில் போவதில்லை, இந்த நிற்பில்தான் போகிறது.

சர்வதேச தொழில் ஸ்தாபனத்தின் 1979ஆம் ஆண்டு 153ஆம் இலக்கச் சமவாயம், ஒரு சாரதி ஒரு நாளில் ஒன்பது மணித்தியாலத்துக்கும் கிழமையில் 48 மணித்தியாலத்துக்கும் மேல் ஓட்டக்கூடாது, நாளொன்றுக்குத் தொடர்ந்து பத்து மணித்தியாலம் ஓய்வு வேண்டும் என்கிறது. இலங்கை அதை ஏற்று ஒப்பமிடவில்லை. மோட்டார் போக்குவரத்துத் தொழிலுக்கு ஒரு சம்பளச் சபை எங்கள் நாட்டில் இருக்கத்தான் செய்கிறது. இதைத் தோழியின் அப்பாவிடம் சொன்னபோது, அது பஸ்காரருக்கான சபையாக்கும் என்றார். அவருக்கு ஊழியர் சேமலாப நிதிக் கணக்கும் இல்லை. நடைக்கு ஓடுகிறவரை ஊழியர் என்று எந்த முதலாளியும் எழுதிக்கொடுக்கவில்லை.

2006 ஓகஸ்ட் 11. முகமாலையில் சண்டை தொடங்கி பாதை மூடுப்பட்ட அன்று அவர் வவுனியாவில் நின்றார். ரிட்டன் லோட் லொறியில். லொறி யாழ்ப்பாணத்து முதலாளி ஒருவருடையது, விட்டிட்டு வரமுடியாது. சாமானை அங்கேயே வந்த விலைக்குக் கொடுத்துவிட்டு, வவுனியா - கொழும்பு ஓடத் தொடங்கினார். குடாநாட்டுக்கு உணவு கப்பலில் வந்துகொண்டிருந்த காலம். யாழ்ப்பாணத்திலிருந்து வெளியில் போவதற்கு இராணுவ அனுமதி எடுக்கவேண்டும், வந்தால் திரும்பிப் போவது எப்போது என்று தெரியாது. அதனால் மாதக்கணக்காக வரவில்லை. கடைசியில் திருகோணமலையிலிருந்து கப்பலில் வந்தார். தோழிக்கு அப்போது நாலு வயது. அவளுக்கு அந்த நாளில் ஞாபகம் இருப்பது ஒன்றே ஒன்று: அப்பா லொறி இல்லாமல் வந்தது. படலைக்கு வெளியில் ஓடிப்போய் லொறியைத் தேடினாளாம். அவளைப் பொறுத்தவரை லொறிச் சத்தம்தான் அப்பா வருவதற்கான அடையாளம்.

2009இல் முதலில் இராணுவத் தொடரணியாக லொறிகள் போய்வந்தன, பிறகு பாதை எல்லாருக்கும் திறந்தது. ஓமந்தைச் சாவடி 2015 ஓகஸ்டில்தான் அகற்றப்பட்டது. றோட்டு காப்பற் ஆனது. இனி வீட்டு நாள் கூடியிருக்கும் என்று நினைத்துத்தான் இரண்டாவது கொப்பியைத் திறந்தோம். குறைந்திருந்தது. முந்தி மூன்று நாள் எடுத்த தூரம் ஒரு இரவாகச் சுருங்கியபோது, மிச்சமான நாட்கள் அவருக்குக் கிடைக்கவில்லை. அவை இன்னொரு நடையாகின. தெற்கிலிருந்து பெரிய லொறிகள் வந்தன, லீசிங் கம்பனிகள் வந்தன, ஏற்றுகூலியில் போட்டி வந்தது. சொந்த லொறி எடுத்தவருக்கு மாதக் கட்டுக்காசு, எடுக்காதவருக்கு எடுத்தவரோடு போட்டி. அவர் வீட்டில் நிற்கிற நாள் எங்களுக்குச் சத்தம் போடக்கூடாத நாள் என்று தோழி சொல்வாள். பகலில் படுப்பார், பிள்ளைகள் ரிவியைச் சத்தமில்லாமல் படமாகப் பார்ப்பார்கள். வீட்டு நேரம் என்பது பெரும்பாலும் நித்திரை நேரம். பள்ளிக்கூடக் கூட்டம், வங்கி, கிணற்று மோட்டர், செத்தவீடு, கலியாணவீடு எல்லாம் அம்மா. அந்த வேலைக்கு நடைக்கணக்கும் இல்லை.

2020 ஒக்டோபரில் பேலியகொடை மீன் சந்தையில் கொரோனா பரவியபோது அங்கே போய்வந்த லொறிக்காரர் நாடு முழுக்கத் தனிமைப்படுத்தப்பட்டார்கள். தோழியின் அப்பாவும் பதினாலு நாள் வீட்டில் நின்றார், கதவைச் சாத்திய அறைக்குள். 2022இல் டீசலுக்குக் கியூ. 2021 டிசம்பரில் 121 ரூபாவாக இருந்த ஒரு லீற்றர் டீசல் 2022 ஜூன் கடைசியில் 460 ரூபா. நாட்கணக்காக லொறியை வரிசையில் விட்டு அதற்குள்ளேயே படுத்தார்கள். வரிசையில் நின்றபடியே சிலர் செத்தார்கள். இந்தமுறை மறித்து வைத்திருந்தது ஆமியும் இல்லை இயக்கமும் இல்லை.

இதை எழுத முன்னம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவருடைய வீட்டுக்குப் போனோம். நித்திரை. எழுப்பவேண்டாம் என்று சொல்லிவிட்டு நாலு மணி வரைக்கும் விறாந்தையில் இருந்தோம். அவர் எழும்பி, முகம் கழுவி, தேத்தண்ணியோடு வந்து இருந்து அரை மணித்தியாலம் கதைத்தார். எங்களுக்காகச் செலவழித்த அரை மணித்தியாலம் யாருடைய பங்கு என்று அப்போது நாங்கள் யோசிக்கவில்லை, தோழியின் தம்பி கதவுநிலையில் பந்தோடு நின்றதைப் பிறகுதான் யோசித்தோம். ஐந்து மணிபோல போன் அடித்தது. லோட் ரெடியாம். அவர் சேர்ட்டை மாற்றிக்கொண்டு பையைத் தூக்கினார். நாங்கள் எழுதிக்கொண்டுபோன கேள்விகளில் பாதி இன்னும் கேட்கப்படாமல் எங்கட கொப்பியில் இருக்கிறது.