2 முதல் 11 வரை

2018 மார்ச் 13 அன்று சாயங்காலம் அம்பத்தூரில் மின்சார ரயில் ஏறினேன். கொரட்டூர், வில்லிவாக்கம், பெரம்பூர், வியாசர்பாடி ஜீவா என்று ஊர்ந்து சென்ட்ரல் போய்ச் சேர்ந்தது. அங்கிருந்து நேரு ஸ்டேடியம் நடக்கிற தூரம்தான். ஐ.எஸ்.எல். அரையிறுதியின் இரண்டாவது ஆட்டம். கோவாவை 3-0 என்று அடித்தோம். ஜெஜே இரண்டு கோல். இன்னொன்றைப் போட்டவர் தனபால் கணேஷ், நான் வந்த ரயில் தாண்டி வந்த அதே வியாசர்பாடிக்காரர்.

கோட்டுக்கு வெளியே நின்ற வெள்ளைக்காரர் பெயர் ஜான் கிரிகரி. ராத்திரி வீட்டுக்கு வந்து அப்பாவிடம் அவரைப் பற்றித்தான் பேசினேன்.

"வயசு என்ன?"

"63. நெஞ்சுல ஆபரேஷன் பண்ணவருப்பா."

"அவருக்கு எவன்டா வேலை குடுத்தான்?"

அப்பா அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டியவர். நெஞ்சுவலி வந்து ஆபரேஷன் முடிந்தபிறகு யாரும் அவரைத் திரும்பக் கூப்பிடவில்லை. அந்தக் கேள்விக்காகத்தான் கிரிகரியின் கதையைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

1954-ல் இங்கிலாந்தின் ஸ்கன்தார்ப்பில் பிறந்தவர். நார்தாம்ப்டன் டவுனில் தொடங்கி 1977-ல் ஆஸ்டன் வில்லாவுக்கு வந்தார். அப்போதெல்லாம் சட்டை எண்ணை வைத்தே ஆடும் இடத்தைச் சொல்லிவிடலாம். வில்லாவில் அவர் 2 முதல் 11 வரை எல்லா எண்ணும் போட்டு ஆடியிருக்கிறார். நம்ம ஊர் பட்டறை பாஷையில் சொன்னால் ஆல்ரவுண்ட் ஹெல்பர். எந்த மெஷினில் ஆள் இல்லையோ அங்கே நிற்பார். பிறகு பிரைட்டன், குயின்ஸ் பார்க் ரேஞ்சர்ஸ், டெர்பி. 1982-ல் ரேஞ்சர்ஸ் இரண்டாம் டிவிஷனில் இருந்துகொண்டே எஃப்.ஏ. கோப்பை இறுதி வரை போனது. மறு ஆட்டத்தில் டோட்டன்ஹாமிடம் தோற்றது. இங்கிலாந்துக்காக 1983-84-ல் 6 ஆட்டம்.

பயிற்சியாளராக 1998-ல் அதே வில்லாவுக்குத் திரும்பினார். 1998-99 சீசனின் முதல் 12 லீக் ஆட்டங்களில் தோல்வியே இல்லை. 2000-ல் எஃப்.ஏ. கோப்பை இறுதியில் செல்சியிடம் 0-1. அதற்குப்பின் டெர்பி, ரேஞ்சர்ஸ், இஸ்ரேல், கஜகஸ்தான் என்று இறங்குமுகம். 2014 டிசம்பரில் இதய அறுவை சிகிச்சைக்காகக் கிராலி டவுனை விட்டார். அடுத்த வேலை 2017-ல், சென்னையில்.

முதல் ஆட்டமே சொந்த மைதானத்தில் கோவாவிடம் 2-3. ஆனால் சீசன் முடிவில் இரண்டாமிடம். மார்ச் 17 அன்று பெங்களூரில் இறுதி ஆட்டம். 9-ஆவது நிமிடமே சேத்ரி கோல் போட்டார். மயில்சன் ஆல்வ்ஸ் தலையால் முட்டி இரண்டு, ரஃபேல் அகஸ்டோ ஒன்று, 3-2. ஐ.எஸ்.எல். கோப்பையை ஜெயித்த முதல் இங்கிலாந்துப் பயிற்சியாளர் கிரிகரி. அப்பா டி.வி. முன்னால் எழுந்து நின்று கைதட்டினார். அவருக்கு ஆஃப்சைடு என்றால் என்னவென்றுகூடத் தெரியாது.

அடுத்த சீசன், 18 ஆட்டத்தில் 2 வெற்றி, 9 புள்ளி, கடைசி இடம். கேலரி காலியாக ஆரம்பித்தது. கிரிகரியைத் தூக்கச் சொல்லிக் கத்தியவர்களில் நானும் ஒருவன். 2019 ஏப்ரலில் சூப்பர் கோப்பை இறுதி வரை போனார்கள், கோவாவிடம் 1-2. நவம்பரில், புது சீசனின் 6 ஆட்டங்களில் 1 வெற்றியோடு அவரே விலகினார்.

செய்தியைச் சொன்னபோது நான் சிரித்துக்கொண்டே சொன்னேன்: "அவன் போய்ட்டான்பா."

அப்பா பேப்பரை மடித்தார். "கப்பு வாங்குனப்ப அவர்னு சொன்ன."

நான் பதில் சொல்லவில்லை.

நாங்கள் கத்தியது சரி என்றும் வாதாடலாம். அவருக்குப்பின் வந்த ஓவன் கோயல் ஏறக்குறைய அதே ஆட்களை வைத்து 2020 மார்ச்சில் இறுதி வரை போனார். கொரோனாவால் ரசிகர்களே இல்லாத மைதானத்தில் ஏ.டி.கே.யிடம் 1-3. மாற்றம் தேவைப்பட்டது, உண்மை. ஒருவரை வேலையிலிருந்து அனுப்ப ஆயிரம் நியாயம் இருக்கலாம். மரியாதையையும் சேர்த்துப் பிடுங்க ஒரு நியாயமும் இல்லை. அது எஸ்டேட்டில் 26 வருஷம் நின்றவருக்குத் தெரிந்திருந்தது. எனக்குத் தெரியவில்லை.

இப்போதும் வியாசர்பாடி ஜீவாவை ரயில் தாண்டும்போது அந்த 3-0 ஞாபகம் வரும். மனசுக்குள் பெயரைச் சொல்லிப் பார்ப்பேன். ஜான் கிரிகரி. அவர்.