கீறிப் பார்த்து அறிதல்: அல்பீரூனி முதல் நம் பிள்ளைகள் வரை

மரகதத்தைக் கண்ட பாம்பின் கண் குருடாகிவிடும் என்று முற்காலத்தில் பலரும் நம்பினர். நூல்களிலும் அவ்வாறே எழுதிவைத்தனர். கி.பி. 973-இல் குவாரிஸ்ம் நாட்டில் பிறந்த பேரறிஞர் அபூரைஹான் அல்பீரூனி (ரஹ்) அக்கூற்றைக் கேட்ட மாத்திரத்தில் ஏற்கவுமில்லை, தள்ளவுமில்லை. பாம்பொன்றின் கழுத்தில் மரகத மாலையை அணிவித்தார். அது கிடந்த கூடையில் மரகதங்களைப் பரப்பினார். அதன் கண்ணெதிரே மரகதச் சரத்தை அசைத்துக் காட்டினார். வெயிலிலும் குளிரிலுமாக ஒன்பது மாதங்கள் சோதித்தும் பாம்பின் பார்வைக்கு யாதொரு ஊறும் நேரவில்லை.

இச்செய்தி, தம் முதுமையில் கஸ்னியின் சுல்தான் மவ்தூதுக்காக அவர் அரபியில் இயற்றிய ‘கிதாபுல் ஜமாஹிர்’ என்னும் இரத்தினவியல் நூலில் உள்ளது. கல்லை நீரில் இட்டு, வெளியேறும் நீரின் எடையைக் கொண்டு அதன் அடர்த்தியைக் கணித்தவர் அவர். யாகூத் எனும் குருந்த வகையில் நீலக்கல்லின் எடையை 100 என வைத்து, அதே பருமனுள்ள பிற கற்களின் எடைகளை ஒப்பிட்டார். வைரம் யாகூத்தைக் கீறும். யாகூத் வைரமொழிந்த பிற மணிகளைக் கீறும் என்ற வரிசையையும் அவர் அறிந்திருந்தார்.

இவ்வறிவு வணிகத்தில் நேர்மையைக் காத்தது. பதக்ஷானின் சிவப்புக் கல்லான ‘லஅல்’ கண்ணுக்கு யாகூத் போன்றே தோன்றும்; கடினத்தில் அதனினும் குறைந்தது. பிரித்தானிய அரசமுடியில் பதித்துள்ள ‘கருப்பு இளவரசரின் மாணிக்கம்’ என்னும் புகழ்பெற்ற கல்லும் உண்மையில் மாணிக்கமன்று, லஅல் வகையே. ஸரன்தீப் எனும் இலங்கையிலிருந்து யாகூத் வருவதை அல்பீரூனி பதிவு செய்துள்ளார். அத்தீவின் பேருவளையில் இன்றும் நம் சமுதாயத்தார் பலர் இரத்தின வணிகத்தில் ஈடுபட்டுள்ளனர்.

பிற்காலத்தில், 1812-இல், ஜெர்மானிய அறிஞர் பிரெடரிக் மோஸ் பத்துக் கனிமங்களை மென்மையிலிருந்து கடினத்திற்கு வரிசைப்படுத்தினார். டால்க் 1, ஜிப்சம் 2, கால்சைட் 3, புளோரைட் 4, அபடைட் 5, பெல்ஸ்பார் 6, குவார்ட்ஸ் 7, புஷ்பராகம் 8, மாணிக்கமும் நீலமும் அடங்கிய குருந்தம் 9, வைரம் 10. இவ்வெண்கள் வரிசையைக் காட்டுவனவேயன்றி அளவைக் காட்டுவன அல்ல. 9-க்கும் 10-க்கும் இடையிலுள்ள தொலைவு மிகப் பெரிது.

இதை நம் பிள்ளைகளுக்குக் கற்பிக்க ஆய்வுக்கூடம் வேண்டியதில்லை. விரல் நகத்தின் கடினம் ஏறக்குறைய 2½. செப்புக் காசு 3. சாதாரணக் கண்ணாடி 5½. கோலமிடும் மாக்கல்லை நகமே கீறிவிடும். சலவைக்கல்லை நகம் கீறாது. இரும்பு ஆணி கீறும். ஆற்றங்கரையில் கிடைக்கும் வெங்கச்சங்கல்லோ கண்ணாடியையே கீறும். சலவைக்கல்லும் வெங்கச்சங்கல்லும் வெண்மையில் ஒத்திருப்பினும் கண்ணாடி அவற்றைப் பிரித்துக் காட்டிவிடும்.

மூன்று விதிகளை அவர்களுக்குச் சொல்லிவைப்போம். கண்ணாடியைக் கையில் பிடிக்காமல் மேசைமீது வைத்து, பெரியவர் ஒருவர் அருகிருக்கச் சோதிக்க வேண்டும். கீறிய இடத்தை விரலால் துடைத்துப் பார்க்க வேண்டும். கோடு அழிந்துவிட்டால் அது கீறலன்று, மென்மையான கல் உதிர்த்த தூள். பின்னர் கற்களை மாற்றிப் பிடித்து மறுபடியும் சோதிக்க வேண்டும். கருங்கல் போன்ற பாறைகளில் பல கனிமங்கள் கலந்திருப்பதால் இடத்திற்கு இடம் விடை மாறலாம் என்பதையும் கூறுவோம்.

கடினம் வேறு, உடையாமை வேறு. உண்மையான வைரம் சம்மட்டிக்கும் உடையாது என்ற பழங்கூற்று பிழையானது. வைரம் எதனாலும் எளிதில் கீறப்படாது. ஆயினும் ஓங்கி அடித்தால் பிளந்துவிடும்.

இன்ன கல்லை அணிந்தால் நோய் தீரும், இன்ன கல்லால் செல்வம் பெருகும் என்ற பேச்சு நம் இல்லங்களிலும் நுழைந்துள்ளது. அதை நம்பிப் பொருளிழந்த குடும்பங்களும் உண்டு. நன்மையும் தீமையும் அல்லாஹ்வின் நாட்டப்படியே என்று வாயால் கற்பிக்கிறோம். அத்துடன், கேட்ட செய்தியைத் தீர விசாரித்தறியும் பழக்கத்தைக் கையாலும் கற்பிப்பது நம் கடமை. ஒரு கூழாங்கல்லை வாங்கி, “இது என்ன கல், எப்படி அறிந்தாய்?” என்று வினவிப் பழகிய பிள்ளை, நாளை ராசிக்கல் விற்பவரிடமும் அதே வினாவைக் கேட்கும்.