வேட்டை விதிகளும் துப்பாக்கிச் சந்தையும்: அமெரிக்காவில் குழல்வாய்த் துப்பாக்கிகளுக்கான தேவை

குழல்வாய் வழியே மருந்து கெட்டிக்கும் துப்பாக்கிகளின் அமெரிக்கச் சந்தையை ஆராய்வோர், பழைய மாதிரியைப் புதியது வென்றுவிட்டது என்று முடித்துக்கொள்வதுண்டு. கடை விற்பனையை மட்டும் பார்த்தால் அது பொருந்தும். வாங்குபவரின் நோக்கத்தைப் பார்த்தால் பொருந்தாது. இந்தத் தேவையைத் தொழில்நுட்பத்தைவிட மாநிலங்களின் வேட்டை விதிகளே வடிவமைக்கின்றன என்பது என் வாதம்.

தாம்சன்/சென்டர் நிறுவனம் 1970இல் தன் 'ஹாக்கன்' துப்பாக்கியை வெளியிட்டது. 'ஜெரமையா ஜான்சன்' திரைப்படமும் (1972), நாட்டு விடுதலையின் இருநூற்றாண்டு விழாவும் (1976) பழமைமீதான ஆர்வத்தை வளர்த்த காலம் அது. மாநிலங்கள் இத்தகைய துப்பாக்கிகளுக்கெனத் தனி மான்வேட்டைப் பருவங்களைத் திறந்தபோது வேறொரு வாடிக்கையாளர் வந்து சேர்ந்தார். அவருக்கு வரலாற்றில் நாட்டமில்லை. வேட்டைக்குக் கூடுதல் நாட்கள் வேண்டும். டோனி நைட் 1985இல் உருவாக்கிய எம்.கே.-85 அவருக்கேற்ற கருவி. குழலுக்கு நேர் பின்னால் பற்றவைப்பு (இதனால்தான் இவ்வகைக்கு 'இன்லைன்' என்று பெயர்), கழற்றித் துடைக்க வசதியான அடைப்பு, தொலைநோக்கி பொருத்த இடம்: நவீன ரைபிளின் சௌகரியங்கள் எல்லாம் பழைய துப்பாக்கிக்கான அனுமதிக்குள் நுழைந்துவிட்டன.

விதி மாறும் இடத்தில் சரக்கும் மாறுவதே வலுவான சான்று. கொலராடோ தன் குழல்வாய்ப் பருவத்தில் இன்லைன் துப்பாக்கியை ஏற்கிறது. தொலைநோக்கியையும் வில்லை மருந்தையும் ஏற்பதில்லை. வடமேற்கு மாநிலங்கள் பற்றவைப்பு வெளியே தெரியவேண்டும் என்றதும், உற்பத்தியாளர்கள் 'நார்த்வெஸ்ட்' என்ற பெயரிலேயே இன்லைன் மாதிரிகளை இறக்கினார்கள். அழகுணர்ச்சியால் எவரும் கேட்டு வாங்கும் பொருளல்ல அது!

மரபு மாதிரிக்கான தேவை சுருங்கியது உண்மை. ஆனால் புதுத் துப்பாக்கி விற்பனை எஞ்சிய தேவையைக் குறைத்தே காட்டும். மரபுத் துப்பாக்கிகள் தலைமுறைகள் உழைக்கின்றன, கைமாறுகின்றன. உதிரிகளாக வாங்கி வீட்டிலேயே பூட்டிக்கொள்வோரும் உண்டு. 1933இல் தோன்றிய தேசியக் குழல்வாய் ரைபிள் சங்கம் இண்டியானாவின் ஃபிரெண்ட்ஷிப்பில் நடத்தும் போட்டிகளில் குழுமுவோர் ஆண்டுதோறும் புதுத் துப்பாக்கி வாங்குபவர்கள் அல்லர்.

மரபுத் துப்பாக்கியும் இன்லைனும் ஒன்றுக்கொன்று மாற்றுப் பொருள்களா என்ற ஐயத்தை மருந்துத் தட்டுப்பாடு தெளிவாக்கியது. 2021இல் ஹாட்ஜ்டன் நிறுவனம் லூசியானாவின் மிண்டனிலுள்ள கோயெக்ஸ் கரிமருந்து ஆலையை மூடுவதாக அறிவித்தது. மறு ஆண்டு எஸ்டெஸ் நிறுவனம் அதை வாங்கும்வரை கலக்கம் நீடித்தது. பைரோடெக்ஸ் போன்ற மாற்று மருந்துகளைப் பயன்படுத்தும் இன்லைன்காரருக்கு இதனால் பெரிய இடரில்லை. அம்மருந்துகள் பற்றிக்கொள்ள அதிக வெப்பம் வேண்டும். மரபுத் துப்பாக்கியின் சக்கிமுக்கிப் பொறிக்கு அவை எளிதில் மசியா. கரிமருந்து கிடைக்காவிட்டால் இன்லைனுக்கு மாறலாமே என்று பொருளியலர் சொல்லக்கூடும். ஆனால் பென்சில்வேனியா 1974இல் தொடங்கிய, சக்கிமுக்கித் துப்பாக்கிக்கு மட்டுமான பருவத்தில் வேட்டையாடுபவருக்கு அந்த வழியைச் சட்டமே அடைத்துவைத்திருக்கிறது.