அதே நிலைக்குத் திரும்புதல்

பாலக்காட்டுக் கணவாயின் கிழக்கு வாயிலில் அமைந்த ஊர் மதுக்கரை. சுண்ணாம்புக் கல்லும், 1930களில் எழுந்த சிமென்ட் ஆலையும் அதற்கு அடையாளம் தந்தன. கோவையிலிருந்து பாலக்காடு செல்லும் முதன்மை இரயில் பாதை போத்தனூர், மதுக்கரை, எட்டிமடை, வாளையாறு எனக் கணவாயைக் கடக்கிறது. பிழைப்புத் தேடி வடக்கிலிருந்து கேரளம் செல்வோரின் வழியும் இதுவே. 2014 மே 24, 25 ஆகிய நாள்களில் பாலக்காடு வந்திறங்கிய இரயில்களில் பீகார், ஜார்க்கண்ட், மேற்கு வங்கம் ஆகிய மாநிலங்களைச் சேர்ந்த ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட பிள்ளைகள் இருந்தனர். கோழிக்கோடு, மலப்புரம் மாவட்டங்களின் அநாதை இல்லங்களுக்கு அழைத்துச் செல்லப்பட்ட அவர்களை இரயில்வே காவல்துறை தடுத்து நிறுத்தியது. பலரிடம் உரிய ஆவணங்கள் இல்லை. குழந்தைக் கடத்தல் என வழக்குப் பதிவாயிற்று.

2015இல் கேரள உயர்நீதிமன்றம் வழக்கை மத்தியப் புலனாய்வுத் துறையிடம் ஒப்படைத்தது. கடத்தல் நிகழவில்லை என்பதே அத்துறை கண்ட முடிவு. இலவசக் கல்வியை நாடிப் பெற்றோரின் ஒப்புதலுடனேயே பிள்ளைகள் சென்றனர் என்று பீகார் அரசும் பின்னாளில் நீதிமன்றத்தில் கூறியது. ஆனால் அதற்கு வெகு முன்பே பிள்ளைகள் பலர் சொந்த மாநிலங்களுக்குத் திருப்பி அனுப்பப்பட்டுவிட்டனர். பெற்றோரிடம் சேர்ப்பது நல்லதுதானே என்று நமக்குத் தோன்றும். எந்த இல்லாமை அவர்களை இரயிலேற்றியதோ, அதே இல்லாமைக்குத்தான் அவர்கள் திரும்பினார்கள் என்பதையும் நாம் சேர்த்தே எண்ணிப் பார்க்க வேண்டும்.

தொடக்கத்தில் சட்டத்தின் நோக்கு வேறாக இருந்தது. செங்கல்பட்டில் 1887இல் சீர்திருத்தப் பள்ளி தொடங்கப்பட்டது. 1920இல் சென்னை மாகாணம் இயற்றிய குழந்தைகள் சட்டம் இந்தியாவில் அவ்வகையில் முதலாவது. கெட்ட சூழலிலிருந்து பிள்ளையைப் பிரித்தெடுத்துப் பள்ளியில் வைத்துத் திருத்துவது என்பதே அக்காலச் சிந்தனை. நூற்றாண்டின் இறுதிக்குள் அது தலைகீழாயிற்று. ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கையை 1992இல் இந்தியா ஏற்றது. பின்னர் வந்த 2000, 2015ஆம் ஆண்டுகளின் இளைஞர் நீதிச் சட்டங்கள், குடும்பத்தோடு மீண்டும் இணைப்பதை இல்லங்களின் தலையாய நோக்கமாக்கின.

இம்மாற்றத்துக்கு வலுவான காரணம் உண்டு. ருமேனியாவின் புக்கரெஸ்ட் நகர இல்லங்களிலிருந்த 136 குழந்தைகளைக் கொண்டு 2000 முதல் நடந்த ஆய்வில், வளர்ப்புக் குடும்பங்களுக்கு மாற்றப்பட்டோர், இல்லங்களில் தொடர்ந்தோரைவிட அறிவு வளர்ச்சியில் முன்னேறினர். குழந்தைக்கு உணவும் கூரையும் மட்டும் போதா, தன்னை அறிந்த ஒருவரின் இடையறாத உறவும் வேண்டும் என்பதை அது காட்டியது. ஆயினும் அங்கே கிடைத்தவை தேர்ந்தெடுத்து, பயிற்சியும் உதவியும் அளித்த குடும்பங்கள்.

எல்லாக் குடும்பமும் அத்தகையதன்று. இங்கிலாந்தில் வளர்ப்புக் குடும்பத்திலிருந்து தாயிடம் திருப்பித் தரப்பட்ட ஏழு வயது மரியா கோல்வெல், 1973 ஜனவரியில் மாற்றாந்தந்தையால் அடித்துக் கொல்லப்பட்டாள். அதன்பின் நடந்த விசாரணை அந்நாட்டின் குழந்தை நலச் சட்டத்தையே மாற்றியது. இரத்த உறவு தன்னளவில் காப்பு அன்று என்பதை உலகம் கற்றுக்கொள்ளக் கொடுத்த விலை அது.

நம் மாநிலத்தில் ஆபத்தின் வடிவம் பெரும்பாலும் வேறு. மத்திய அரசு 2018இல் வெளியிட்ட கணக்கெடுப்பின்படி, நாட்டிலேயே மிகுதியான குழந்தைகள் இல்லங்கள் தமிழகத்தில்தான் இருந்தன. நாடு முழுவதும் இல்லவாசிகளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர் தாயோ தந்தையோ ஒருவர் மட்டும் உள்ள பிள்ளைகள். 'அநாதை இல்லம்' என்ற பெயர்ப்பலகைக்குப் பின்னால் இருப்பது பல வேளைகளில் ஏழைத் தாயொருத்தி தேடிக் கண்டடைந்த சோறும் பள்ளிக்கூடமுமே.

2020 செப்டம்பரில் தேசியக் குழந்தை உரிமைப் பாதுகாப்பு ஆணையம், தமிழகம் உள்ளிட்ட எட்டு மாநிலங்களின் இல்லப் பிள்ளைகளை நூறு நாள்களுக்குள் வீடு சேர்க்கப் பணித்தது. பெருந்தொற்றுக் காலத்தில் இல்லங்களிலிருந்த 2,27,518 பிள்ளைகளில் 1,45,788 பேர் குடும்பங்களிடமோ பாதுகாவலர்களிடமோ சேர்க்கப்பட்டதாக அவ்வாண்டு டிசம்பரில் உச்சநீதிமன்றத்தில் தெரிவிக்கப்பட்டது. அவர்களின் படிப்புக்காக, குடும்பத்தின் வசதி கருதி, மாதம் 2,000 ரூபாய் வழங்க நீதிமன்றம் ஆணையிட்டது. வீடு திரும்புவதற்கும் செலவுண்டு என்பதை ஏற்ற ஆணை அது. 2022இல் மிஷன் வாத்சல்யா திட்டம் நிதி ஆதரவை மாதம் 4,000 ரூபாயாக்கியது.

2015ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூன்றாம் பிரிவில் ஒரு தொடர் உண்டு. குழந்தைக்கு, அதன் நலனுக்கு ஊறில்லாதவரை, முன்பிருந்த அதே சமூக, பொருளாதார, பண்பாட்டு நிலைக்கு மீளும் உரிமையுண்டு என்கிறது அது. பண்பாட்டைப் பொறுத்தவரை இது பெருங்கொடை. மொழியும் உறவும் ஊரும் மீள்கின்றன. பொருளாதாரத்தைப் பொறுத்தவரையோ, வறியவருக்கு இது வறுமையின் மீட்சி. கோவை, திருப்பூர் ஆலைகளிலிருந்து மீட்டு ஊருக்கு அனுப்பப்படும் வடமாநிலச் சிறாருக்கும் இது பொருந்தும்.

ஆகவே, திரும்புதல் நல்லதா தீயதா என்பதைத் திரும்பும் நாளைக் கொண்டு அளக்க இயலாது என்றே நாம் கருதுகிறோம். ஓராண்டு கழித்து அப்பிள்ளை பள்ளியில் இருக்கிறதா, வீட்டில் அஞ்சாமல் உறங்குகிறதா என்று சென்று பார்ப்பவர் யார் என்பதே கேள்வி. அவ்வாறு பார்க்க ஆளில்லாத இடத்தில், அனுப்பிய பிள்ளைகளின் எண்ணிக்கை வெறும் கணக்காகவே எஞ்சும்.