தாடியும் குளிரும்

தாடி என்பது பருவமடைந்த ஆண்களின் கன்னம், தாடை, தொண்டை ஆகிய இடங்களில் வளரும் தடித்த மயிர். அது குளிரிலிருந்து முகத்தைக் காக்குமா என்ற கேள்விக்கு, ஆண்டு முழுவதும் சராசரி வெப்பநிலை 27 பாகை செல்சியஸை ஒட்டியே நிற்கும் கொழும்பில் வேலையே இல்லை. ஆனாலும் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் அது கேட்கப்படுகிறது. 1983 யூலையில் நடந்த தமிழர் எதிர்ப்புக் கலவரத்துக்குப் பின் இந்த இரண்டு பகுதிகளிலிருந்தும் இவற்றின் வழியாகவும் பெருந்தொகையான தமிழர் கனடாவுக்கும் நோர்வேக்கும் சுவிற்சர்லாந்துக்கும் போய்ச் சேர்ந்தார்கள், இன்னும் போகிறார்கள். விடை சுருக்கமானது. வறண்ட குளிரில் அடர்ந்த தாடி ஓரளவு உதவும். ஈரம் ஏறினால் உதவாது. குளிர் முதலில் பிடிக்கும் இடங்களையோ அது மூடுவதே இல்லை.

கொழும்புத் தாடி

கொழும்பில் தாடி வளர்வதற்கு வானிலை காரணமல்ல. சாவு விழுந்த வீட்டில் துடக்குக் காக்கும் ஆண், அந்தியேட்டி முடியும்வரை முகம் வழிக்காமல் இருப்பார். மனைவி பிள்ளைத்தாச்சியாக இருக்கும் மாதங்களில் தாடியில் கை வைக்காத கணவர்கள் இன்றும் உண்டு. முஸ்லிம்களுக்குத் தாடி சுன்னத். இளைஞர்களுக்குப் பெரும்பாலும் சினிமாதான் காரணம்: முன்பு காதலில் தோற்ற கதாநாயகனுக்கு மட்டும் இருந்த தாடி இப்போது வென்றவனுக்கும் இருக்கிறது. சலூனில் ‘சேவ்’ எடுப்பது ஒரு வேலை, தாடி ‘செட்’ பண்ணுவது இன்னொரு வேலை என்றாகிவிட்டது.

நகரத்தில் தாடிகள் கூட்டமாகத் தெரியும் காலம் ஒன்று உண்டு. கார்த்திகை முதலாம் நாள், அதாவது நவம்பர் நடுப்பகுதியில், ஐயப்ப பக்தர்கள் மாலை போடுகிறார்கள். கறுப்பு அல்லது நீல வேட்டி, வெறுங்கால், துளசி மணி, 41 நாள் விரதம். அந்த நாட்களில் சவரம் இல்லை. பலர் விரதத்தின் முடிவில் இருமுடி கட்டிச் சபரிமலைக்குப் புறப்படுவார்கள். இதே வாரங்களில்தான் வடகீழ்ப் பருவக்காற்று வீசத் தொடங்கி, கொழும்பின் இரவுகள் 22, 23 பாகைக்கு இறங்கும். ஊருக்குப் புதிதாக வந்தவர் யாராவது, இந்த மனிதர்கள் குளிர்காலத்துக்காகத் தாடி வளர்க்கிறார்கள் என்று எழுதி வைத்துவிட்டுப் போனால் அவரைக் குறைசொல்ல முடியாது.

மயிருக்குள் நிற்கும் காற்று

கம்பளி சூடு தருவதில்லை. உடலின் சூட்டை வெளியே விடாமல் வைத்திருக்கிறது. அந்த வேலையைச் செய்வது நூலல்ல, நூல்களுக்கிடையே அசையாமல் நிற்கும் காற்று. தாடிக்கும் இதே கணக்குத்தான். தோலை ஒட்டி மெல்லிய காற்றுப் படலம் ஒன்று எப்போதும் இருக்கும். வீசும் காற்று அதை அடித்துக்கொண்டு போவதால்தான் குளிர் உறைக்கிறது. தாடி அந்தப் படலத்தைத் தடிப்பாக்கி, இடம்பெயராமல் பிடித்துக்கொள்கிறது. ஆகவே நீளமும் அடர்த்தியும் வேண்டும். நான்கு நாள் சவரம் செய்யாத முகத்துக்கு இதில் இலாபம் எதுவும் இல்லை. தாடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்ரிமீற்றர்தான் வளரும் என்பதால், தை மாதப் பனிக்குத் தாடி வேண்டுமென்பவர் ஐப்பசியிலேயே சவரக் கத்தியைத் தள்ளி வைக்க வேண்டும்.

தாடியின் எதிரி மூச்சு. வாயிலிருந்தும் மூக்கிலிருந்தும் வரும் ஈரக் காற்று மீசையிலும் தாடியிலும் நீராகப் படிந்து, பூச்சியத்துக்குக் கீழே பனிக்கட்டியாகிறது. காற்றைவிட நீர் ஏறக்குறைய 24 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். பனிக்கட்டி நீரையும் மிஞ்சும். காற்றை அடைத்து வைத்திருந்த இடத்தை ஈரம் பிடித்துக்கொண்டால் தாடி போர்வையாக இருப்பது நின்று நனைந்த துணியாகிவிடும். கழுத்துத் துணியோடு தாடி உறைந்து ஒட்டிக்கொள்வதும் உண்டு. அப்போது இழுக்கக்கூடாது, வீட்டுக்குள் வந்து உருகவிட்டுத்தான் எடுக்க வேண்டும்.

கிரைமியாவும் தென்துருவமும்

தாடி முகக் கவசம் என்ற எண்ணத்துக்கு 19ஆம் நூற்றாண்டின் நடுவில் இங்கிலாந்தில் பெரிய மவுசு இருந்தது. தொண்டையைக் குளிரிலிருந்தும், மூச்சைத் தூசியிலிருந்தும் அது காக்கும் என்று மருத்துவர்களே சொன்னார்கள். சார்ல்ஸ் டிக்கின்ஸ் நடத்திய ‘ஹவுஸ்ஹோல்ட் வேர்ட்ஸ்’ இதழ் 1853இல் சவரத்துக்கு எதிராக ஒரு கட்டுரையே வெளியிட்டது. அடுத்த ஆண்டு தொடங்கி கிரைமியாப் போர்க்களத்தில் குளிர்காலத்தைக் கழித்த பிரித்தானியப் படையினர் தாடியோடு ஊர் திரும்பினார்கள். தாடி வீரத்தின் அடையாளமாயிற்று. டார்வின் இந்த வாதத்தில் சேரவில்லை. 1871இல் வெளிவந்த மனிதத் தோற்றம் பற்றிய தம் நூலில், தாடியை இணைத்தேர்வின் வழியாக வந்த அலங்காரமாகவே அவர் கண்டார். ஆர்க்டிக்கின் கடுங்குளிரில் தலைமுறை தலைமுறையாக வாழும் இனுவிட் ஆண்களுக்குத் தாடி அடர்ந்து வளர்வதில்லை என்பது அவர் பக்கத்துக்கே வலுச் சேர்க்கிறது.

அனுபவசாலியின் தீர்ப்பு இன்னும் கடுமையானது. 1911 டிசெம்பர் 14இல் தென்துருவத்தை முதலில் அடைந்த ரோல்ட் அமுண்ட்சென், பயணத்தின்போது தாமும் தோழர்களும் தாடியை ஒட்டக் கத்தரித்துக்கொண்டதாக எழுதியிருக்கிறார். காரணம், மேலே சொன்ன பனிக்கட்டிதான். துருவப் பயணிகளின் படங்களில் பனி தொங்கும் தாடிகளைப் பார்த்து வியப்பவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

ரொறன்ரோவில் அளந்த முகங்கள்

காற்றோடு சேர்ந்த குளிரைக் கணக்கிடும் முறையை போல் சைப்பிள், சார்ல்ஸ் பாசெல் இருவரும் அந்தாட்டிக்காவில் உருவாக்கி 1945இல் வெளியிட்டார்கள். அவர்கள் அளந்தது முகத்தை அல்ல. சிறிய பிளாஸ்திக் உருளைக்குள் நீர் உறைய எடுக்கும் நேரத்தை. இந்தக் குறையைத் தீர்க்க 2001இல் கனடாவும் அமெரிக்காவும் புதிய சூத்திரத்துக்கு மாறின. அதற்கான பரிசோதனை நடந்த இடம், உலகிலேயே இலங்கைத் தமிழர் மிக அதிகமாகக் குடியேறிய நகரங்களில் ஒன்றான ரொறன்ரோ. 12 தன்னார்வலர்கள் முகத்தில் உணரிகளை ஒட்டிக்கொண்டு, குளிர் காற்று வீசும் கூடத்தில் நடை இயந்திரத்தின் மீது நடந்தார்கள்.

புதிய சூத்திரப்படி, −10 பாகையில் மணிக்கு 30 கிலோமீற்றர் காற்று வீசினால் முகத்துக்கு அது −20 ஆகத் தெரியும். இந்த எண் −28ஐத் தாண்டினால், மூடாத தோல் 10 முதல் 30 நிமிடத்துக்குள் உறையலாம் என்று கனடிய வானிலைத் துறை எச்சரிக்கிறது. இதைத்தான் பனிக்கடி என்கிறோம். சூத்திரம் வெறும் முகத்துக்கானது; தாடிக்கு அதில் கழிவு கிடையாது.

பனிக்கடி விரைவாகப் பிடிக்கும் இடங்கள் மூக்கு நுனி, காது மடல், கன்ன மேடு. மூக்கும் காதும் மெல்லியவை, வெளியே நீட்டிக்கொண்டிருப்பவை, உள்ளே தசையும் குறைவு. தாடி மூக்கில் வளர்வதில்லை. காதையும் கன்ன மேட்டையும் விட்டுவிட்டு, ஒப்பீட்டளவில் தாக்குப்பிடிக்கும் தாடையைத்தான் போர்த்துகிறது. மார்கழி விடியலில் வெள்ளவத்தைக் கடற்கரைப் பக்கம் நடக்கப் போகிறவரிடம் “காதைப் பொத்திக்கொண்டு போ” என்று மஃப்ளரை நீட்டும் அம்மம்மா, இந்த விடயத்தில் தாடியைவிடச் சரியான இடத்தைக் காட்டுகிறார். 22 பாகையில் அது தேவையா என்பது வேறு கதை.

மலையும் வெயிலும்

இலங்கைக்குள்ளேயே உண்மையான குளிர் பார்க்க வேண்டுமென்றால் நுவரெலியாவுக்குப் போக வேண்டும். கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர். சராசரி வெப்பநிலை 16 பாகையை ஒட்டியது. தை, மாசி விடியல்களில் சில நாள் உறைபனி விழுந்து தேயிலைக் கொழுந்து கருகும். அங்கே தலைமுறைகளாக உழைத்த மலையகத் தமிழர் நம்பியது தலையோடு காதையும் சேர்த்துப் போர்த்தும் கம்பளியை. கொழும்பிலிருந்து சுற்றுலா போகிறவர்கள் நகரத்தின் பேல் பஜாரில் ஜக்கெற் வாங்குகிறார்கள். வெளிநாடு போக விசா கிடைத்தவர்களும் அங்கே வாங்குவதுண்டு.

கொழும்பில் தாடிக்கு ஒரு பயன் இருக்கிறதென்றால் அது வெயிலுக்கு. 2012இல் வெளியான அவுஸ்திரேலிய ஆய்வொன்று, தாடி வைத்த பொம்மைத் தலைகளை குயின்ஸ்லாந்து வெயிலில் நிறுத்தி, தோலைச் சுடும் புற ஊதாக் கதிர் எவ்வளவு உள்ளே போகிறது என்று அளந்தது. காப்புக் காரணி 2 முதல் 21 வரை வந்தது. நீண்ட தாடிக்குக் கூடுதல். சூரியன் உச்சியில் நிற்கும்போது கூடுதல், சரியச் சரியக் குறைவு. கொழும்பிலோ ஆண்டின் எந்த மாதத்திலும் நண்பகல் சூரியன் உயரத்தில்தான் நிற்கும். ஆனால் ஈரப்பதன் மிகுந்த அந்த நண்பகலில் தாடிக்கடியில் வியர்வை காயாது; அரிப்பெடுத்து, சிறு பருக்கள் வந்து, வெயிலுக்குக் காப்பாக வளர்த்ததைச் சலூன்காரர் கையில் ஒப்படைத்துவிட்டு, வழித்த முகத்தில் படிகாரத்தைத் தேய்த்துக்கொண்டு எழுந்து வருகிறவர்களும் உண்டு.