மேத்தன் மணியும் மூன்று புரொஜெக்டர்களும்

திருவனந்தபுரம் கிழக்கேகோட்டைப் பக்கம் போனவர்களுக்கு மேத்தன் மணியைத் தெரிந்திருக்கும். போகாதவர்களுக்காக: பத்மநாபசுவாமி கோவில் பக்கத்தில், பழைய அரண்மனைக் கட்டடம் ஒன்றின் உச்சியில் இருக்கும் கடிகாரம் அது. மேலே ஒரு தாடிக்காரர் முகம், இரண்டு கன்னத்துக்கும் பக்கத்தில் ஒவ்வொரு ஆட்டுக்கடா. மணி ஆனதும் அவர் வாயைத் திறப்பார், கடா இரண்டும் வந்து கன்னத்தில் முட்டும். சுவாதித் திருநாள் மகாராஜா காலத்தது என்பார்கள். அப்பாவுக்கு சாலைக் கடைத்தெருவில் கடை. ஞாயிற்றுக்கிழமை என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு போய் அதன் கீழே நிற்பார். நான் ஒரு கடாவை மட்டும் குறிவைத்துப் பார்ப்பேன். எப்போதாவது அது முந்தாதா என்று. ஒருநாளும் முந்தியதில்லை.

முப்பத்தைந்து வருடம் கழித்து, டொராண்டோ குளிரில், அந்தக் கடாவை நினைக்கவேண்டி வந்தது.

2023 கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போனபோது என் மகள் அவளுடைய ஆச்சியை (என் அம்மாவை) மூன்று போனில் ஒரே சமயத்தில் படம்பிடித்தாள். ஒன்று முகம், ஒன்று இடது கை, ஒன்று வலது கை. அம்மா பிச்சிப்பூ கட்டிக்கொண்டே பேசுகிறார். இங்கே எங்கள் சங்கத்துப் பொங்கல் விழாவில், ஹாலின் ஒரு மூலையில், மூன்று திரையில் அதைப் போட்டார்கள். மூன்று லேப்டாப், மூன்று புரொஜெக்டர், மூன்று பிள்ளைகள். "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று சொல்லி மூவரும் ஒன்றாகப் பொத்தானை அமுக்கினார்கள். 12 நிமிடப் படம், திரும்பத் திரும்ப மூன்று மணி நேரம் ஓடவேண்டும்.

முதல் தடவை அருமையாக இருந்தது. வடை சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால், நடுத்திரையில் அம்மா "இப்ப இழு" என்கிறார், பக்கத்துத் திரையில் விரல் எப்போதோ இழுத்து முடித்து அடுத்த பூவுக்குப் போய்விட்டது. யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை. மகள் மட்டும் அழுதுவிட்டாள். நான் பி.காம். படித்தவன். கணக்கு ஒத்துவரவில்லை என்றால் எனக்குத் தூக்கம் வராது. எங்கே இடிக்கிறது என்று தேட ஆரம்பித்ததில் கிடைத்த சரித்திரம்தான் இது.

பல திரைகளை ஒன்றாக ஓட்டும் ஆசை பழசு. 1927-ல் பாரிஸில் ஆபெல் கான்ஸ் தன்னுடைய 'நெப்போலியன்' படத்தின் சில பகுதிகளை மூன்று புரொஜெக்டர் வைத்து மூன்று திரையில் காட்டினார். 1952 செப்டம்பர் 30-ம் தேதி நியூயார்க்கில் 'திஸ் இஸ் சினிராமா' வெளியானது. பிரெட் வாலர் கண்டுபிடித்த ஏற்பாடு. 146 டிகிரி வளைந்த திரை, மூன்று புரொஜெக்டர், ஒலிக்கென்று தனியாக இன்னொரு இயந்திரம். எல்லாம் ஒன்றாக ஓட செல்சின் என்ற வகை மோட்டார் உதவியது. ஒரு அச்சு எவ்வளவு திரும்புகிறதோ, கம்பி வழியாக மற்ற அச்சும் அவ்வளவே திரும்பும். யோசித்தால் இது மேத்தன் மணியேதான். கடா இரண்டும் ஒரே இயந்திரத்தின் பிள்ளைகள், அதனால் முந்த வழியே இல்லை.

சினிராமாவில் எனக்குப் பிடித்த சங்கதி வேறு. ஒரு ஃபிலிம் அறுந்து நாலு பிரேம் வீணாகிவிட்டால், ஒட்டும்போது அதற்குப் பதில் நாலு கறுப்புப் பிரேம் சேர்க்கவேண்டும். இல்லையென்றால் அந்தத் திரை மட்டும் நாலு பிரேம் முந்திவிடும். வங்கியில் ரத்தான ரசீதைக் கிழித்துப் போடாமல் எண்ணோடு ஒட்டிவைப்போமே, அதே புத்தி :-)

1959-ல் மாஸ்கோவில் அமெரிக்கக் கண்காட்சி. ஒரு பெரிய கூண்டுக் கூரைக்குள் சார்ல்ஸ் - ரே ஈம்ஸ் தம்பதி ஏழு திரையில் 2,200-க்கும் மேற்பட்ட படங்களை 13 நிமிடத்துக்குள் காட்டினார்கள். இந்தத் தம்பதிதான் அதற்கு முந்தைய வருடம் நம் அரசாங்கத்துக்கு 'இந்தியா ரிப்போர்ட்' எழுதிக் கொடுத்தவர்கள். அதை வைத்துத்தான் அகமதாபாத்தில் தேசிய டிசைன் நிறுவனம் 1961-ல் வந்தது.

வீடியோ வந்ததும் சிக்கல் கூடியது. ஓவியர்கள், சிற்பிகள் எல்லோரும் டிவி பெட்டியை அடுக்க ஆரம்பித்தார்கள். 1969-ல் பிராங்க் கில்லெட், ஐரா ஷ்னைடர் இருவரும் ஒன்பது திரை வைத்து 'வைப் சைக்கிள்' செய்தார்கள். ஆனால் டேப் ஓட்டும் பெட்டி ஒவ்வொன்றும் தனித்தனி ஆள். ஒன்று வேகம் பிடிக்க ஒரு நொடி, இன்னொன்றுக்கு ஒன்றரை நொடி. அவற்றுக்கு நடுவே ஒரே அச்சு கிடையாது. பிறகு லேசர் டிஸ்க் வந்தபோது அதில் ஒவ்வொரு பிரேமுக்கும் எண் போடமுடிந்தது. வெளியிலிருந்து ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டி "எல்லோரும் முதல் பிரேமுக்கு வாங்க, இப்ப கிளம்புங்க" என்று சொல்லமுடிந்தது. அதன் பிறகு டிவிடி, அதன் பிறகு கம்ப்யூட்டர்.

அச்சு இல்லாதபோது என்ன செய்வது? இதற்கும் திருவனந்தபுரத்திலேயே பழைய பதில் ஒன்று இருக்கிறது.

1837-ல் சுவாதித் திருநாள் ஊரில் ஒரு வானாய்வுக் கூடம் கட்டவைத்தார். முதல் இயக்குநர் ஜான் கால்டிகாட். அந்தக் காலத்தில் பூமியின் காந்தம் எப்படி மாறுகிறது என்று உலகம் முழுக்க ஒரே சமயத்தில் அளக்கும் முயற்சி நடந்துகொண்டிருந்தது. அதில் 1840களில் நம் ஊரும் சேர்ந்துகொண்டது. குறித்த நாளில், குறித்த நிமிடத்தில், எல்லா ஊரிலும் காந்த ஊசியைப் பார்த்து எழுதவேண்டும். யார் ஊர் நேரப்படி? ஜெர்மனியில் உள்ள கோட்டிங்கன் நேரப்படி. அதற்கும் நம் ஊர் நேரத்துக்கும் ஏறக்குறைய நாலரை மணி வித்தியாசம். ஊருக்கு ஊர் தனிக் கடிகாரம், நடுவே தந்திகூட இல்லை. எல்லோரும் ஒரே நேரத்தை ஒப்புக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

கால்டிகாட்டுக்குப் பிறகு 1852-ல் வந்த ஜான் ஆலன் பிரவுன் இன்னும் ஒரு படி மேலே போனார், நிஜமாகவே. 1855-ல் நம் அகத்தியர் மலை உச்சியில் இன்னொரு ஆய்வுக்கூடம் போட்டு, கீழே நகரத்திலும் மேலே மலையிலும் ஒரே காலத்தில் அளந்து ஒப்பிட்டார். யானைக் காட்டுக்குள், அந்த மழையில், 1,868 மீட்டர் உயரத்தில்! பொதிகையில் அகத்தியர் இருப்பதாக நம் பாட்டிகள் சொல்ல, இவர் அங்கே காந்த ஊசியை வைத்துவிட்டு வந்திருக்கிறார். (மிருகக்காட்சிச் சாலைக்குப் பக்கத்தில் மியூசியம் இருக்கிறதே, அதன் முதல் இயக்குநரும் இவரே.)

இன்றைக்குக் கலைக்கூடங்களில் நடப்பது பிரவுன் வழிதான். ஒவ்வொரு திரைக்கும் ஒரு சின்ன பிளேயர். எல்லாவற்றையும் ஒரே நெட்வொர்க் கேபிளில் கட்டி, ஒன்றைத் தலைவராக்குகிறார்கள். தலைவர் நேரம் சொல்லும், மற்றவை தங்கள் கடிகாரத்தைத் திருத்திக்கொள்ளும். 2012 பிப்ரவரி 29-ல் ராஸ்பெர்ரி பை என்ற கையடக்கக் கம்ப்யூட்டர் 35 டாலருக்கு விற்பனைக்கு வந்தபிறகு கல்லூரிப் பிள்ளைகள்கூட இதைச் செய்யமுடிகிறது. படம் ஒரு திரையிலிருந்து அடுத்த திரைக்கு இடைவெளி இல்லாமல் தொடரவேண்டும் என்றால் இதுகூடப் போதாது. புரொஜெக்டர்கள் படத்தைப் புதுப்பிக்கும் கணத்தையே ஒன்றாக்க வேண்டும். அதற்கு 'ஜென்லாக்' என்று பெயர், விலையும் அதிகம்.

இதை நேரில் பார்த்தது 2019 ஜனவரியில், கொச்சி பினாலேயில். மட்டாஞ்சேரியில் ஒரு பழைய கிடங்கில் தென்னாப்பிரிக்கர் வில்லியம் கென்ட்ரிஜ் 2015-ல் செய்த 'மோர் ஸ்வீட்லி பிளே த டான்ஸ்'. எட்டு திரை, கால் மணி நேரம். ஒரு ஊர்வலம் முதல் திரையில் நுழைந்து கடைசித் திரையில் வெளியேறுகிறது. பித்தளை வாத்தியக்காரர்கள், சலைன் பாட்டில் தள்ளிக்கொண்டு போகும் நோயாளிகள், துப்பாக்கியோடு ஆடும் பெண். திரைகள் அங்கே கொஞ்சம் முன்பின்னாக ஓடியிருந்தால் ஊர்வலம் நொண்டியிருக்கும். அன்றைக்கு மகளுக்குப் பன்னிரண்டு வயது. அந்த இடத்தை விட்டு நகரமாட்டேன் என்றாள். ஆச்சியை மூன்று திரையில் போடும் யோசனை எங்கிருந்து வந்தது என்று இப்போது புரிகிறது.

சரி, எங்கள் கணக்குக்கு வருவோம். கம்ப்யூட்டருக்குள் இருக்கும் குவார்ட்ஸ் கடிகாரம் பத்து லட்சத்துக்கு 20 பங்கு தப்பலாம் என்று வைத்துக்கொண்டால், நாளைக்கு ஒன்றே முக்கால் நொடி. மூன்று மணி நேரத்துக்குக் கால் நொடிகூட வராது. ஆகவே குற்றவாளி அது இல்லை. படம் முடிந்து மறுபடி முதலுக்குத் திரும்ப ஒவ்வொரு லேப்டாப்பும் வேறுவேறு நேரம் எடுத்துக்கொள்கிறது, அதில்தான் கோளாறு. தடவைக்கு 0.2 நொடி வித்தியாசம் என்றாலும் 15 தடவைக்கு மூன்று நொடி. பூ கட்டுகிறவர்களுக்கு அது ஒரு முழுச் சுற்று. நாங்கள் ஒன்றாகக் கிளப்பியது முதல் தடவை மட்டும்தான். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒன்றாகக் கிளப்பியிருக்க வேண்டும்.

2024 மார்ச்சில் அம்மா போய்விட்டார். அந்த மூன்று ஃபைல்தான் இருக்கிறது.

2025 பொங்கலுக்கு மகள் மூன்று ராஸ்பெர்ரி பை வாங்கி, ஒன்றைத் தலைவராக்கி, ஒவ்வொரு சுற்றும் அதன் சொல்லுக்குக் கிளம்பும்படி செய்தாள். நான் ஐந்து மணி நேரம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன், கடாவைப் பார்த்த மாதிரி. "இப்ப இழு" என்று அம்மா சொல்லும்போதெல்லாம் விரல் இழுத்தது.

ஒரு சின்ன மாற்றம். மூன்று போனையும் பின்னால் ஒத்துப் பார்க்க, படம் எடுக்கும்போது மகள் எல்லாக் கேமராவுக்கும் தெரிகிற மாதிரி ஒருதரம் கைதட்டியிருந்தாள். முதல் தடவை அதை வெட்டிவிட்டார்கள். இந்தத் தடவை வெட்டவேண்டாம் என்றேன். ஒரு கைதட்டல், மூன்று திரையிலும் ஒரே சத்தம். உடனே நடுத்திரையில் அம்மா நிமிர்ந்து, "என்னத்துக்குட்டி கை தட்டுத?" என்கிறார்.